தோல் வேலை: குறி ஓரிடம், குறை வேறிடம்

ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு வரவில்லை என்று யாராவது சொன்னால், எப்படித் தேய்த்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. எந்தத் தோல் என்றுதான் கேட்பேன். தையல் கோணல் என்றால், ஊசியைக் குறைசொல்வதற்கு முன் துளையைத் திருப்பிப் பார்ப்பேன். தோல் வேலையில் தப்பு தெரிகிற இடமும் தப்பு நடந்த இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். வெட்டும்போது செய்த பிசகு ஓரம் தேய்க்கும்போதுதான் தலைகாட்டும். ஈரம் கூடிப்போனது முத்திரை குத்தும்போது தெரியாது, காய்ந்தபிறகு பல்லைக் காட்டும். அதனால் கண்ணுக்குத் தெரியும் குறியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகிறேன்.

அதற்கு முன் இரண்டு காரியம். எந்தப் பொருள் செய்தாலும் அதே தோலின் வெட்டுத்துண்டு ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். வேறு தோலில் பார்த்த சோதனை இந்தத் தோலுக்கு உதவாது. ஒரே தோலிலேயே முதுகு ஒரு மாதிரி, வயிறு ஒரு மாதிரி. இரண்டாவது, கையில் இருப்பது வெஜ் டானா, க்ரோம் டானா என்று தெரிந்துகொள்ளுங்கள். மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் இருக்கும் டானினால் பதனிட்டது வெஜ் டான். குரோமிய உப்பால் பதனிட்டது க்ரோம் டான். வெட்டுமுகத்தின் நடுவில் சாம்பல்நீலம் தெரிந்தால் க்ரோம். உள்வரை சாயம் ஏறியிருந்தால் அது தெரியாது; அப்போது நகத்தளவு துண்டைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். வெஜ் டான் சுருண்டு சுருங்கி, காய்ந்ததும் கட்டைபோல ஆகிவிடும். நன்றாகப் பதனிட்ட க்ரோம் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். இரண்டு முறையும் கலந்த தோல்களும் உண்டு, அவை இரண்டுக்கும் நடுவே நின்று நம்மைக் குழப்பும்.

முன்பக்கத் தையல் அழகு, பின்பக்கம் பாம்பு போனமாதிரி

புதிதாகத் தைப்பவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகக் கடக்கும் சேணத் தையலைப் பற்றித்தான் பேசுகிறேன்.

முதலில் பின்பக்கத் துளைகளை மட்டும் பாருங்கள், நூலைப் பார்க்காதீர்கள். துளைகள் ஒரே கோட்டில் இல்லை என்றால் தையலில் தப்பில்லை, துளை போடும் உளி சாய்ந்திருக்கிறது. இரண்டு மூன்று அடுக்கு சேர்ந்து 6 மி.மீ. தடிமன் என்று வையுங்கள். அதில் உளி 10 பாகை சாய்ந்தால் பின்பக்கத்தில் துளை ஏறக்குறைய 1 மி.மீ. விலகிவிடும். 4 மி.மீ. இடைவெளியில் தைக்கும்போது 1 மி.மீ. என்பது கண்ணை உறுத்தும் விலகல். உளிக்கு நேர் எதிரே உட்கார்ந்து குத்தினால் இடவலச் சாய்வு தெரியும், முன்பின் சாய்வு தெரியாது. பக்கவாட்டில் ஒரு சிறு மூலைமட்டத்தை நிறுத்திவைத்துக் குத்துங்கள். நான் வெகுகாலம் கண்ணளவை நம்பினேன். முன்பக்கம் எப்போதும் கொஞ்சம் சாய்க்கிற கை எனக்கு என்பதை மூலைமட்டம்தான் காட்டிக்கொடுத்தது.

மிகத் தடித்த அடுக்கில் உளியை ஒரே மூச்சில் கீழ்வரை இறக்க வேண்டாம். மேலடுக்கில் மட்டும் குத்தி, ஒட்டியபின் வைரவடிவ முனையுள்ள குத்தூசியால் மீதியைத் துளைப்பது நல்லது.

துளைகள் நேராக இருந்தும் பின்பக்கம் ஒழுங்கில்லை என்றால், வரிசை மாறியிருக்கிறது. எந்தப் பக்க ஊசி முதலில் நுழைகிறது, இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு மேலே போகிறதா கீழே போகிறதா, இழுக்கும்போது எந்தக் கை மேல்நோக்கி எந்தக் கை கீழ்நோக்கி: இந்த மூன்றும் முதல் துளையிலிருந்து கடைசித் துளைவரை மாறக்கூடாது. நடுவில் தொலைபேசி அடித்து எழுந்துபோய்த் திரும்பி வந்த இடம் பின்பக்கத்தில் அப்படியே தெரியும். எழுந்துபோவதென்றால் ஒரு துளையை முழுதாக முடித்து, இரண்டு நூலையும் இழுத்துவிட்டுப் போங்கள்.

வரிசையும் சரி, துளையும் சரி, ஆனால் சில தையல் மட்டும் பொம்மென்று எழும்பி நிற்கிறதா? இரண்டாவது ஊசி முதல் நூலையே குத்திக் கிழித்துப் போயிருக்கிறது. அந்த இடத்தை இனிமேல் இறுக்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. இரண்டாவது ஊசியைப் பாதி நுழைத்ததும், ஏற்கெனவே போன நூலை லேசாகப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் ஓடினால் சரி. சிக்கினால் ஊசியை வெளியே எடுத்து மறுபடி நுழையுங்கள். கூர்முனை ஊசிகளை விட்டுவிட்டு மழுங்கிய முனையுள்ள சேண ஊசிகளுக்கு மாறினாலே பாதித் தொல்லை தீரும். துளையைத்தான் உளி போட்டுவிட்டதே, ஊசி எதற்குக் கூராக இருக்கவேண்டும்?

நூல் பஞ்சாகிறது, பாதியில் தீர்ந்துபோகிறது

நூலின் நீளம் தைக்கும் நீளத்தைப்போல் நாலு மடங்கு, மேலே ஒரு முழம். தோல் தடிக்கத் தடிக்க அது ஐந்து மடங்கைத் தொடும். ஆனால் கை இரண்டையும் விரித்தாலும் எட்டாத நீளத்துக்கு நூல் எடுத்தால், ஒவ்வொரு துளையிலும் அது உரசி உரசிக் கடைசியில் நைந்துபோகும். நீளமான தையலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். லினன் நூல் என்றால் தேன்மெழுகு தாராளமாகத் தேய்க்கவேண்டும். பாலியெஸ்டர் நூலை முடிக்கும்போது இரண்டு மூன்று துளை பின்தையல் போட்டு, நுனியை 2 மி.மீ. விட்டு வெட்டி, தீயில் லேசாகக் காட்டினால் உருகி அடங்கும். லினன் நூலில் இதைச் செய்யாதீர்கள், எரியும்.

ஓரம் மினுங்கவில்லை

க்ரோம் தோலா? அப்படியானால் நேரத்தை வீணாக்கவேண்டாம். தண்ணீரும் பிசினும் விட்டுத் தேய்த்து நார்களைப் படியவைப்பது வெஜ் டானில் நடக்கும், க்ரோமில் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மறுபடி எழுந்துகொள்ளும். க்ரோமுக்கு ஓரப் பெயின்ட்தான் வழி, அல்லது ஓரத்தை உள்ளே மடித்துத் தைப்பது.

வெஜ் டானிலும் மினுங்கவில்லை என்றால், வெட்டுமுகத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு அடுக்குக்கு நடுவே மெல்லிய கோடு தெரிந்தால் பசை ஓரம்வரை போகவில்லை. தேய்த்தால் அந்தக் கோடு இன்னும் விரியுமே தவிர மூடாது. கொஞ்சம் பசையை ஒரு ஊசிமுனையால் உள்ளே செலுத்தி, அழுத்திக் காயவிட்டு, அப்புறம் உப்புத்தாளை எடுங்கள். ஒரு அடுக்கு மற்றதைவிட அரை மி.மீ. துருத்திக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். அடுக்குகளைத் தனித்தனியாகச் சரியான அளவுக்கு வெட்டி ஒட்டுவதைவிட, ஒன்றைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, ஒட்டியபின் இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாகச் சீவுவது எனக்கு எப்போதும் ஒத்துவந்திருக்கிறது.

கோடு இல்லை, மேடுபள்ளமும் இல்லை, ஆனாலும் ஓரம் மொறமொறப்பாகவே இருக்கிறது என்றால் நீங்கள் படிகளைத் தாண்டியிருக்கிறீர்கள். ஓரச் சீவியால் இருபுறக் கூர்மூலைகளையும் எடுத்தபின் உப்புத்தாள் எண் 220, அப்புறம் 400, அப்புறம் 800 (எண் கூடக் கூடத் தாள் மென்மை). அதற்குப் பிறகுதான் ஈரம். ஈரம் என்றால் விரல் நுனியில் தொட்டுத் தடவும் அளவு. ஓரம் நனைந்து ஊறிவிட்டால் நார்கள் உப்பி, தேய்க்கத் தேய்க்க மேற்பக்கம் காளான்போல் வெளியே வழியும். அப்படி ஆகிவிட்டால் தேய்ப்பதை நிறுத்திக் காயவிடுங்கள், 400-இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு எனக்குக் காதுதான் அளவுகோல். மரத்தேய்ப்பான் முதலில் சரசரவென்று இழுக்கும். நார்கள் படியத் தொடங்கியதும் சத்தம் குறைந்து, கட்டை வழுக்கிக்கொண்டு ஓடும். ஓரம் உள்ளங்கையில் லேசாகச் சுடும். அந்தச் சூட்டில் தேன்மெழுகை ஒருமுறை இழுத்துக் கேன்வாஸ் துணியால் தேய்த்தால் போதும். வயிற்றுப்பகுதித் தோலில் மட்டும் இதெல்லாம் செய்தாலும் அரைகுறையாகத்தான் வரும், அங்கே நார்கள் தளர்ந்தவை. வெளியே தெரியும் ஓரங்களுக்கு அந்தப் பகுதியை எடுக்காமலிருப்பதுதான் மருந்து.

ஓரப் பெயின்ட் உரிந்தால் அடியில் மெழுகோ எண்ணெயோ இருந்திருக்கிறது. வெடித்தால் ஒரே பூச்சில் தடிமனாகப் போட்டிருக்கிறீர்கள். மெல்லிய பூச்சு, முழுக்கக் காயவிடு, உப்புத்தாள், மறுபடி பூச்சு. வேறு சூட்சுமம் இல்லை.

முத்திரை மங்கல், செதுக்கல் மூடிக்கொள்கிறது

இரண்டுக்கும் காரணம் தண்ணீர், ஒன்றில் குறைவு, மற்றதில் அதிகம். வறண்ட தோலில் முத்திரை துள்ளும், எவ்வளவு அடித்தாலும் விளிம்பு கூராக விழாது. ஊறிய தோலில் அச்சு ஆழமாகவே விழும், பார்க்கவும் திருப்தியாக இருக்கும். ஆனால் காயக் காயத் தோல் மெல்ல மேலே எழும்பி, மறுநாள் காலையில் வடிவம் சோம்பலாகக் கிடக்கும்.

பஞ்சால் ஓரத்திலிருந்து ஓரம்வரை சமமாக நனையுங்கள். நடுவில் மட்டும் நனைத்தால் காய்ந்ததும் தண்ணீர்க் கோடு வட்டமாக நிற்கும். நனைத்ததும் அடிக்கத் தொடங்காதீர்கள். மேற்பரப்பின் நிறம் பழைய நிலைக்கு ஏறக்குறையத் திரும்பவேண்டும், ஆனால் கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும். அதுதான் பதம். அவசரமில்லை என்றால் நனைத்த துண்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இரவு முழுதும் வைத்து, காலையில் வெளியே எடுத்துக் காற்றாட விட்டு, நிறம் திரும்பியதும் அடியுங்கள். ஈரம் நடுவரை சமமாகப் பரவியிருக்கும். மெல்லிய தோல் அடிக்கும்போது விரிந்து வடிவம் இழந்தால், பின்பக்கத்தில் அகலமான ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு அடியுங்கள்.

செதுக்கும் கத்தி இழுபடுகிறது, தோலைச் சுருட்டுகிறது என்றால் சாணை பிடிக்க ஓடவேண்டாம். பெரும்பாலும் முனை மழுங்கியிருக்காது, மெருகு போயிருக்கும். குரோமிய ஆக்சைடு பச்சைப் பசை தடவிய தோல்பட்டையில் இரு பக்கமும் பத்துப் பதினைந்து முறை பின்னோக்கி இழுங்கள். அந்தக் கத்தி அத்தனை சோம்பேறி, ஒரு வேலைக்குள்ளேயே மூன்று தடவை கேட்கும்.

விரல் பட்ட இடத்தில் நீலக்கறுப்புக் கறை

ஒருநாள் குத்தூசியைச் சாணைக்கல்லில் தீட்டிவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, நனைத்துவைத்திருந்த தோலை எடுத்து வேலையைத் தொடர்ந்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. அரைமணி கழித்துப் பார்த்தால் தோலின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை, போலீஸ் ஏட்டில் எடுத்த மாதிரி, கருநீலத்தில்.

பூசணமோ அழுக்கோ இல்லை, மைதான். வெஜ் டான் தோலில் டானின் இருக்கிறது, அதோடு ஈரமும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புச் சேர்மம் உண்டாகும். கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் காலங்காலமாக மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். கண்ணுக்குத் தெரியாத இரும்புத்தூள் போதும். துருப்பிடித்த தண்ணீர்ப் பாத்திரம், ஈரத்தோல்மேல் வைத்துவிட்டு மறந்த இரும்பு அளவுகோல், குண்டூசி எல்லாம் இதைச் செய்யும். க்ரோமில் டானின் இல்லாததால் இந்தக் கறை இப்படிப் பிடிக்காது.

எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்து, கறையின்மேல் மட்டுமில்லாமல் அந்தத் துண்டு முழுவதும் தடவுங்கள். கறை சில நிமிடத்தில் மங்கும். பின் சுத்தமான தண்ணீரால் துடைத்தெடுத்து நிழலில் காயவிட்டு, கொஞ்சம் எண்ணெய் காட்டுங்கள். கறையில் மட்டும் தடவினால் கறுப்புப் போய் அங்கே வெளிறிய திட்டு வரும், ஒரு திருட்டை மறைக்க இன்னொன்று. வெட்டுத்துண்டில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயம் திட்டுத்திட்டாக, அல்லது துணியில் ஒட்டிக்கொண்டு

திட்டுகள் சாயத்தை மறுத்து வெளிறி நின்றால், அங்கே பசை, மெழுகு, விரல் எண்ணெய் ஏதோ ஒன்று முன்பே உட்கார்ந்திருக்கிறது. பசை சாயத்தை உள்ளே விடவே விடாது. ஒட்டுவதற்கு முன் சாயம் போடுவதா, பின் போடுவதா என்று கேட்டால், நான் முன்பே போடுகிற கட்சி. கோடுகோடாக வந்தால் சாயம் கெட்டியாக இருக்கிறது. அதைக் கரைக்கும் திரவத்தாலேயே நீர்க்கச்செய்து, ஒரே அழுத்தமான பூச்சுக்குப் பதில் மூன்று இளம் பூச்சாக, வட்டவட்டமாகத் தடவுங்கள். நிறத்தை அன்றே முடிவுசெய்யாதீர்கள். ஈரத்தில் கறுத்துத் தெரிவது மறுநாள் ஒரு படி வெளுக்கும்.

துணியில் ஒட்டுவது, முக்கியமாகக் கறுப்பில், உள்ளே போகாமல் மேலே தங்கிவிட்ட தூள். மேற்பூச்சால் அதை அமுக்கிவிடலாம் என்று எண்ணுவது தப்பு, மேற்பூச்சே அதைக் கரைத்து இழுக்கும். ஒரு நாள் காயவிட்டு, வெள்ளைத்துணியால் துணி சுத்தமாக வரும்வரை தேய்த்துவிட்டு அப்புறம் பூசுங்கள். ஆல்கஹால் சாயம் தோலை வறளடிக்கும், விறைப்பாகத் தோன்றினால் எண்ணெய் குறைவு என்று அர்த்தம். ஆனால் எண்ணெயை ஒரே தடவை ஊற்றாதீர்கள், திட்டாகக் கறுத்தால் பல நாள் அப்படியே நிற்கும்.

பர்ஸை மடித்தால் உட்பக்கம் சுருங்குகிறது

கணக்குத் தப்பு. இரண்டு அடுக்கைப் படுக்கவைத்து ஒரே நீளத்தில் ஒட்டினால், மடிக்கும்போது வெளியடுக்கு நீண்ட பாதையிலும் உள்ளடுக்கு குறுகிய பாதையிலும் போகவேண்டும். முழு மடிப்பில், அதாவது 180 பாகையில், இந்த நீள வித்தியாசம் அடுக்குகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தைப்போல் 3.14 மடங்கு. 1 மி.மீ. தோல் இரண்டு என்றால் மைய தூரம் 1 மி.மீ.; ஆக உள்ளடுக்கு சுமார் 3 மி.மீ. குட்டையாக இருக்கவேண்டும். அந்த 3 மி.மீ.க்கு இடமில்லாமல்தான் தோல் உள்ளே மடிந்து நெளிகிறது.

தைத்து முடித்ததைத் திருத்த வழியில்லை. அடுத்ததில் இரண்டு அடுக்கையும் மடித்த நிலையிலேயே பிடித்து, மடிப்பிலிருந்து வெளிநோக்கி ஒட்டுங்கள். நீளத்தை ஒட்டியபிறகு சீவிக்கொள்ளலாம். பர்ஸ் மேசைமேல் தட்டையாகப் படுக்காது, கொஞ்சம் வாய்மூடியே நிற்கும். அது குறையில்லை.

தோலின்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது

அலமாரியிலிருந்து எடுத்ததும் வெள்ளைப் படலம். உடனே பூசணம் என்று பதறி வினிகரைத் தேடுபவர்கள் அதிகம். மூன்று வேறு சமாசாரங்கள் ஒரே வேடத்தில் வரும், மருந்தும் மூன்று வேறு.

முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் அரை அடி தள்ளிப் பிடித்து ஊதுங்கள். படலம் கண்ணெதிரே உருகி உள்ளே மறைந்தால் அது கொழுப்பு. தோலுக்கு ஊட்டிய எண்ணெய், மெழுகிலிருந்து கெட்டியான பகுதி குளிரில் மேலே வந்து படிந்திருக்கிறது. கெடுதல் ஒன்றுமில்லை, துணியால் தேய்த்தால் பளபளப்புக்கூட ஏறும்.

சூட்டுக்கு அசையவில்லை, விரலில் நறநறவென்கிறது, ஈரத்துணிக்குக் கரைகிறது என்றால் உப்பு. நனைந்து காய்ந்த தோலில் உள்ளிருக்கும் உப்பு மேலேறும். ஈரத்துணியால் முழுப்பரப்பையும் துடைத்து மெல்லக் காயவிடுங்கள். இரண்டு மூன்று தடவை திரும்பி வரும், பொறுமையாகத் துடைக்கவேண்டும்.

பஞ்சுபோல் எழும்பி, புள்ளிபுள்ளியாகப் பரவி, மூடிவைத்த நனைந்த துணியின் வாடை அடித்தால் அதுதான் பூசணம். வீட்டுக்குள் வைத்துத் தட்டாதீர்கள், வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளுங்கள். ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியில் நனைத்துத் துடைத்து, காற்றோட்டமான நிழலில் காயவிடுங்கள். சாயம் கிளம்புகிறதா என்று முதலில் மறைவான மூலையில் பாருங்கள். பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்தீர்கள் என்றால் வேறு காரணம் தேடவேண்டாம். துணிப்பைக்கு மாற்றுங்கள்.

சில்லறைத் தொல்லைகள்

பசை விட்டுவிட்டது: வழவழப்பான மேற்பக்கத்தைச் சுரண்டாமல் ஒட்டியிருக்கிறீர்கள், அல்லது கான்டாக்ட் பசை ஈரமாக இருக்கும்போதே சேர்த்திருக்கிறீர்கள். இருபக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்தபிறகுதான் சேர்த்து அழுத்தவேண்டும்.

ரிவெட் சாய்ந்து நசுங்குகிறது: தண்டு நீளம். தோலுக்கு மேலே 2 முதல் 3 மி.மீ. நீண்டிருந்தால் போதும், அதற்கு மேல் போனால் அடிக்கும்போது வளையும். வேறு அளவு கையில் இல்லையென்றால் அடியில் ஒரு வட்டத்தோல் துண்டைக் கோத்துத் தடிமனைக் கூட்டுங்கள். அது உட்பக்கத்தில் யார் கண்ணிலும் படாது.

பிரஸ் பட்டன் பிடிக்கவில்லை: ஆண்பாகத்தை ஓங்கி அடித்து குமிழ்த் தலையைத் தட்டையாக்கியிருக்கிறீர்கள். ஒரு பலமான அடிக்குப் பதில் நாலைந்து நிதானமான அடி.

பட்டை நீண்டுபோய் நெளிகிறது: வயிற்றுப்பகுதியில் வெட்டியது. பெல்ட், பைப்பட்டை எல்லாம் முதுகெலும்புக்கு இணையாக வெட்டுங்கள்.

உளியின் தலை பிளவுபடுகிறது: இரும்புச் சுத்தியல். கொட்டாப்புளி, அதாவது மரச்சுத்தியல் எடுங்கள்.

பித்தளையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு

ரிவெட், கொக்கி, உறையிலிருக்கும் கத்தியின் பித்தளைப் பூண் எல்லாவற்றிலும் மெழுகுப் பச்சையாக ஒன்று திரளும். தோலில் இருக்கும் கொழுப்பமிலமும் பித்தளையிலிருக்கும் செம்பும் சேர்ந்து உண்டாவது. எண்ணெய் அதிகம் விட்ட தோலில் சீக்கிரம் வரும். பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்துத் துணியால் துடைத்தால் போய்விடும், ஆனால் திரும்ப வரும். ரிவெட் இறக்குவதற்கு முன் பித்தளையில் ஒரு மெல்லிய மெழுகுப்பூச்சு கொடுத்தால் தாமதப்படும். கத்தியை மட்டும் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். வெஜ் டான் தோல் இயல்பிலேயே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கத்தியைத் தனியே எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள், உறை பக்கத்தில் காலியாகக் கிடக்கட்டும்.